முகப்பருவும் மயிர்க்கால் கட்டியும்



முகத்தில் பரு வந்தால் பலருக்கும் வெட்கம். சிலர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போவதில்லை. "ரத்தம் கெட்டுவிட்டது" என்பார்கள் சிலர். "முகம் கழுவுவதில்லை" என்பார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு.

பரு எப்படி வருகிறது?

நம் தோலில் சிறு குழிகள் உள்ளன. அவற்றிலிருந்து முடி முளைக்கிறது. இவைதான் மயிர்க்கால்கள். இவற்றின் பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. வயதுக்கு வரும் காலத்தில் எண்ணெய் அதிகம் சுரக்கும். இறந்த தோலும் எண்ணெயும் சேர்ந்து குழியை அடைக்கும். உள்ளே கிருமி பெருகும். அந்த இடம் சிவந்து வீங்கும். அதுவே பரு.

மயிர்க்கால் கட்டி வேறு. சவரம் செய்யும்போதும், இறுக்கமான உடை உரசும்போதும் மயிர்க்கால் புண்படும். அதில் கிருமி நுழையும். தாடி, தொடை, அக்குளில் சிறு சீழ்க் கொப்புளங்கள் வரும்.

பல ஊர்களில் நடக்கும் கதை

ஓர் இளம்பெண்ணுக்கு முகமெல்லாம் பரு. மருந்துக் கடைக்குப் போனாள். "இதைப் போடும்மா, நாலு நாளில் போய்விடும்" என்று கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். பரு அடங்கியது. முகமும் வெளுத்தது. அவளுக்கு மகிழ்ச்சி. தினமும் பூசினாள். நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது. பரு முன்னைவிட அதிகமானது. வெயிலில் நிற்க முடியவில்லை.

மருத்துவர் அந்தக் களிம்பை வாங்கிப் பார்த்தார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டைப் பல நாள் பூசினால் தோல் மெலியும். முகத்தில் முடியும் வளரும். சில நோய்களுக்கு அது நல்ல மருந்து. பருவுக்கு அது மருந்தல்ல. 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது.  

என்ன செய்ய வேண்டும்?

தினமும் இரண்டு வேளை மென்மையான சோப்பால் முகம் கழுவுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். பருவைக் கிள்ளாதீர்கள். கிள்ளினால் தழும்பு விழும். முகத்தில் எண்ணெய் பூசாதீர்கள்.

மயிர்க்கால் கட்டிக்கு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் ஒத்தடம் கொடுங்கள். சூடு பொறுக்கும் அளவில் இருக்கட்டும். தினமும் மூன்று வேளை, பத்து நிமிடம் போதும். ஒருவர் பிளேடை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. சலூனிலும் புதுப் பிளேடு போடச் சொல்லுங்கள்.

பரு அதிகமானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பருவுக்கு நல்ல மருந்து உண்டு. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பொறுமை வேண்டும். கர்ப்பிணிகள் அதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். சில மருந்துகள் குழந்தைக்கு ஆகாது.

கட்டி பெரிதானாலும், காய்ச்சல் வந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

இன்றே வீட்டில் உள்ள களிம்பை எடுத்துப் பாருங்கள்.  மருத்துவர் எழுதித் தராததா? அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.