எரர் பூஜ்யம் ஆனதும் வேலை முடிஞ்சிடாது

ஒரு கம்பைலர்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த கோடை இன்னொரு கம்பைலருக்குக் கொண்டு போறதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறேன். இதுல நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு. அதையும் சொல்லிடுறேன்.

முதல்ல காலேஜ் லேப். உங்கள்ல நிறைய பேர் என்னை மாதிரி டர்போ சி நீலத்திரையில்தான் சி படிச்சிருப்பீங்க. ஃபேக்டோரியல் புரோகிராம் ஞாபகம் இருக்கா? 7 கொடுத்தா 5040, சரியா வரும். 8 கொடுத்தா 40320 வரணும். ஆனா திரையில் மைனஸ் 25216-னு வந்து நிக்கும். நான் ரெக்கார்டு நோட்ல 7 வரைக்கும் அவுட்புட் எழுதிச் சமாளிச்சேன். அதே புரோகிராமை ஹாஸ்டலுக்கு வந்து லினக்ஸ்ல ஜிசிசி வெச்சு ஓட்டினா 40320-னு சரியா வந்துச்சு. கோடுல ஒரு எழுத்துகூட மாறல.

காரணம் ரொம்ப எளிமை. டர்போ சி-ல இன்ட் 2 பைட். 32767-தான் அதோட உச்சம். ஜிசிசி-ல இன்ட் 4 பைட். சி மொழியோட ஸ்டாண்டர்டு, இன்ட் குறைஞ்சது எவ்வளவு பிடிக்கணும்னு மட்டும்தான் சொல்லுது. மிச்சத்தைக் கம்பைலர்கிட்டயே விட்டுடுது. அப்போ எனக்கு இது வேடிக்கையா இருந்துச்சு. வேலைக்கு வந்தப்புறம்தான் இதோட விலை தெரிஞ்சுது.

நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, குளிர்பதனக் கிடங்குகளுக்கு வெப்பநிலையைக் கண்காணிக்கிற மென்பொருள் ஒண்ணு இருந்துச்சு. மீன், ஐஸ்கிரீம் மாதிரி உறைய வைச்ச சரக்கு. மைனஸ் 18 டிகிரியிலேயே இருக்கணும். ஏறினா அலாரம் அடிக்கணும். பல வருஷமா விண்டோஸ் கம்ப்யூட்டர்ல, விஷுவல் சி++ கம்பைலர்ல ஓடின கோடு அது. அதை ஏஆர்எம் சிப் இருக்கிற ஒரு சின்ன லினக்ஸ் போர்டுக்கு, ஜிசிசி-க்கு மாத்தணும். அந்த வேலை என்கிட்ட வந்துச்சு.

முதல் தடவை கம்பைல் பண்ணினப்போ முன்னூறு எரருக்கு மேல. பயந்துட்டேன். ஆனா பாருங்க, அந்த முன்னூறும் உண்மையில பத்துப் பதினஞ்சு விஷயம்தான். இன்க்ளூட் வரியில பின்சாய்வுக் கோடு போட்டிருந்தாங்க. லினக்ஸ்ல அது செல்லாது. ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து குழப்பம். விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் விடாது. விண்டோஸ்ல மட்டும் இருக்கிற சில ஃபங்ஷன்கள். ஒரு ஹெடர் கிடைக்கலைன்னா, அதுல இருக்கிற ஒவ்வொரு பேரும் தனித்தனி எரரா கொட்டும். அதனால எப்பவும் முதல் எரரை மட்டும் சரி பண்ணிட்டு மறுபடி கம்பைல் பண்ணுங்க. முன்னூறு இருநூறாகும், இருநூறு இருபதாகும்.

ரெண்டு நாள்ல எரர் பூஜ்யம். ஆனா வார்னிங் மட்டும் பக்கம் பக்கமா ஓடிக்கிட்டே இருந்துச்சு. எரருக்கு நடுவுல கண்ணை மறைக்குதுன்னு, எல்லா வார்னிங்கையும் அடக்குற ஆப்ஷனை முன்னாடியே போட்டு வெச்சிருந்தேன். திரும்ப எடுக்கவே இல்லை. அதுதான் என் தப்பு.

டேபிள்ல வெச்சு டெஸ்ட் பண்ணினோம். 28 டிகிரி காட்டுச்சு, சரி. கையால சென்சாரைப் பிடிச்சா ஏறுச்சு, சரி. கிடங்குல மாட்டிட்டு வந்துட்டோம். மூணு நாள் கழிச்சு அங்கே இருந்த சூப்பர்வைசர் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, மாட்டின நாள்ல இருந்து திரையில ரெண்டு கோடுதான் வருது, நம்பரே வரல. அப்படித்தான் இருக்குமா?"

அப்படி இருக்கக் கூடாது. சென்சார்ல இருந்து வர்ற ஒரு பைட்டைக் கோடுல கேர் டைப்புல வெச்சிருந்தாங்க. கேர்னு மட்டும் எழுதினா அது மைனஸ் பிடிக்குமா பிடிக்காதான்னு முடிவு பண்ற உரிமை கம்பைலருக்கு இருக்கு. விஷுவல் சி++-ல பிடிக்கும். ஏஆர்எம் லினக்ஸ்ல ஜிசிசி-ல பிடிக்காது. அதனால மைனஸ் 18 அங்கே 238 ஆயிடுச்சு. நூறுக்கு மேல வந்தா சென்சார் கழண்டிருக்கு, அந்த ரீடிங்கை விட்டுடுன்னு பழைய கோடுல ஒரு வரி. அது எல்லா ரீடிங்கையும் விட்டுடுச்சு. உறைநிலைக்குக் கீழே இருந்த வரைக்கும் அலாரம் அடிக்க வழியே இல்லை. மைனஸ் 18 மைனஸ் 5-க்கு ஏறி மீன் கெட்டிருந்தாலும் சத்தம் வந்திருக்காது. அந்த மூணு நாளும் கரண்ட் போகலைங்கிறது எங்க அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

ஆபீஸ் வந்து வார்னிங்கைத் திறந்துவிட்டுக் கம்பைல் பண்ணினேன். பூஜ்யத்தைவிடக் குறைவான்னு கேட்கிற வரியைக் காட்டி, இந்த ஒப்பீடு எப்பவுமே பொய்தான்னு ஜிசிசி தெளிவா எழுதியிருந்துச்சு. நான்தான் அதோட வாயைக் கட்டி வெச்சிருந்தேன்.

அதுக்கப்புறம் நான் விடாம செய்யறது நாலு விஷயம். ஒண்ணு, டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா ரெண்டையும் முதல் நாளே போட்டுடுவேன். வார்னிங்கும் பூஜ்யம் ஆகணும். புரியாம ஒரு காஸ்ட் போட்டு வாயடைக்கக் கூடாது. ரெண்டு, வெளியில இருந்து வர்ற டேட்டாவுக்கு கேர், லாங் எல்லாம் கிடையாது. 64 பிட் விண்டோஸ்ல லாங் 4 பைட், 64 பிட் லினக்ஸ்ல 8 பைட். ஃபைல்ல எழுதி வெச்சதைப் படிச்சா எல்லாம் இடம் மாறிடும். சி99-ல வந்த ஸ்டட்இன்ட் ஹெடர்ல இருக்கிற அளவு சொன்ன டைப்புகளைத்தான் எடுப்பேன். மூணு, பழைய கம்பைலர்ல ஓட்டின விடையையும் புது கம்பைலர்ல வர்ற விடையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடுவேன். மைனஸ், பூஜ்யம், உச்ச எண் எல்லாத்துக்கும். நாலாவது, அதே கோடை கிளாங்லயும் ஒரு தடவை கம்பைல் பண்ணிப் பார்ப்பேன். ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடிப்பார்.

பழைய கம்பைலர்ல பத்து வருஷம் ஓடுச்சுன்னா கோடு சரின்னு அர்த்தம் இல்லை. அந்தக் கம்பைலர் எடுத்த முடிவும் நாம மனசுல நினைச்சதும் ஒத்துப் போயிருக்குன்னுதான் அர்த்தம். கம்பைலர் நின்னு கத்துற எரரால யாருக்கும் நஷ்டம் வராது, நமக்கு ரெண்டு நாள் தூக்கம் போகும். அது பேசாம விட்டதுதான் கிடங்கு வரைக்கும் போகும்.

அந்த அண்ணன் போன் பண்ணியிருக்கலைன்னா இந்த எபிசோடை நான் வேற மாதிரிதான் சொல்லியிருப்பேன். உங்க புராஜெக்ட்ல எங்கேயாவது வார்னிங்கை அடக்கி வெச்சிருந்தா, இன்னைக்கு ஒரு தடவை திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.