ஏளனத்தின் இலக்கணம்

தோழர்களே!

அடிப்பவனுக்குக் கை வலிக்கும். வைபவனுக்குத் தொண்டை வறளும். எள்ளி நகைப்பவனுக்கோ எந்தச் செலவும் இல்லை. உதட்டைச் சற்றே பிதுக்கினால் போதும், எதிரே நிற்பவன் எரிந்து சாம்பலாகிறான்! நகை பிறக்கும் காரணங்கள் நான்கினை எண்ணிய தொல்காப்பியர், எள்ளலையே முதலில் வைத்தார். நாடகம் எழுதுகிறவனாகிய எனக்கு அந்த வரிசையில் வியப்பில்லை. சபையை அழவைக்க ஐந்து காட்சிகள் வேண்டும். ஏளனத்தைக் காட்ட ஒரு வினைமுற்றுப் போதும்.

பண்ணையார் வீட்டுச் சிறுவன், பத்து வயதுப் பாலகன், அறுபது வயதுப் பண்ணையாளைப் பார்த்து, "வாடா இங்கே" என்கிறான். நரைத்த தலை குனிகிறது. தோளிலே கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்குகிறது. "வந்தேன், சின்ன எசமான்" என்று வாய் குழறுகிறது. அங்கே அடி இல்லை, உதை இல்லை, வசைச்சொல்கூட இல்லை. 'வாருங்கள்' என்பதன் வாலை வெட்டி, 'டா'வை ஒட்டினான், அவ்வளவே! அந்த ஓரெழுத்துக்குள்ளே நிலம் இருக்கிறது, நீர் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஆணவம் இருக்கிறது. (இரு நண்பர்களுக்கிடையே அதே எழுத்து இனிக்கிறது என்பது வேறு கதை.)

சொல் மட்டுமா ஏளனம் பேசுகிறது? தேநீர்க் கடையிலே ஊராருக்கு ஒரு குவளை, சேரியிலிருந்து வந்தவருக்கு வேறு குவளை. குடித்துவிட்டு அவரே கழுவியும் வைக்கவேண்டும்! தீண்டாமை ஒழிந்தது என்று 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு கூறிற்று. பட்டியல் வகுப்பினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்றது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். நல்ல சட்டம், நாம் போற்றும் சட்டம். ஆனால் சட்டம் சாட்சி கேட்கும். மீதிச் சில்லறையைக் கையிலே தராமல் பலகைமீது வீசுகிறானே, அதற்கு யார் சாட்சி? "கை தவறிற்று" என்பான். "முகம் சுளித்தேனா? வெயில் ஐயா, வெயில்!" என்பான். மறுக்க வழி வைத்துக்கொண்டு குத்துவதே அன்றாட ஏளனத்தின் தந்திரம்.

பொதுவாழ்விலே அந்த வசதி இல்லை. எழுதினால் எழுத்து நிற்கும். பேசினால் ஊர் கேட்கும். உணவு விடுதிப் பலகைகளிலே 'பிராமணாள்' என்று எழுதினார்கள். மற்றவரெல்லாம் யாராம் என்ற கேள்வி அந்த எழுத்துக்குப் பின்னே இளித்து நின்றது. எழுத்தாக நின்றதனாலேயே, 1957இல் திருவல்லிக்கேணியில் பெரியாரின் தொண்டர்கள் அதன் எதிரே மறியலுக்கு நிற்க முடிந்தது. கழகத்தின் கிளர்ச்சியைப் பிரதமர் நேரு 'நான்சென்ஸ்' என்று ஒற்றைச் சொல்லால் ஒதுக்கினார். பண்டிதர் பேரறிஞர், இந்தியாவைக் கண்டறிந்து நூலே எழுதியவர், தெற்கு ஏன் குமுறுகிறது என்று கண்டறிய மட்டும் அவருக்கு நேரமில்லை! 1953 ஜூலையில் மூண்டது மும்முனைப் போராட்டம். குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து ஒரு முனை. டால்மியாபுரத்தைக் கல்லக்குடி ஆக்க ஒரு முனை. அந்த ஏளனச் சொல்லைக் கண்டித்து ரயிலை மறிக்க மூன்றாவது முனை. ஒரு சொல்லுக்காகவா இத்தனை? ஆம், ஒரு சொல்லுக்காகத்தான்! சிறை சென்றனர், குண்டடிபட்டு மாண்டனர். எள்ளி நகைக்கப்பட்ட அந்தக் கழகம் 1967 மார்ச்சில் கோட்டைக்குள் நுழைந்தது.

இவ்வரலாற்றைச் சொல்லிப் பூரிக்கும் மேடைகளிலேயே, மாற்றாரின் நிறத்தை, நடையை, அவரைப் பெற்றவளின் பிறப்பைக் கேலி பேசும் பேச்சாளர் சிலர் முளைத்திருக்கின்றனர். கைதட்டல் கிடைக்கிறது, மறுக்கவில்லை. எவருடைய சரக்கு அது? பண்ணையார் வீட்டுத் திண்ணைச் சரக்கு! மாற்றாரின் திட்டத்தை எள்ளுங்கள், தீர்மானத்தைக் கிழித்தெறியுங்கள், பதவிக்காகக் கொள்கையை விற்றவரைப் பார்த்து ஊரே சிரிக்கட்டும். செய்த செயலை மாற்றிக்கொள்ள அவருக்கு வழி உண்டு. நிறத்தை எப்படி மாற்றுவார்? பிறந்த தெருவை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார்?

கூட்டம் முடிகிறது, மேடை கலைகிறது. ஒலிபெருக்கி கட்டியவர் கம்பியைச் சுருட்டுகிறார். தெருக் கூட்டும் அம்மையார் துடைப்பத்தோடு வருகிறார். போர்த்திய பொன்னாடையின் கனம் இன்னும் நம் தோளிலே இருக்கிறது. அந்த நேரத்தில் அவர்களை 'வாங்க' என்கிறோமா, 'வா' என்கிறோமா? தொண்டர்களின் பிள்ளைகள் பக்கத்திலே நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றனர், தோழர்களே!