பனிவண்டியும் அதன் சறுக்குப்பலகைகளும்



நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களிற் சில நாட் காலையில் புல்லின்மேல் வெண்மையாகப் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும் உறைபனி ஒன்றே நம் நாட்டிற் காணக்கூடிய பனியாகும். ஆனால் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும், பின்லாந்தின் வடபாகத்திலும் மாதக்கணக்காக நிலம் பனியினுள் மூழ்கிக் கிடக்கும். சில்லுப் பூட்டிய வண்டி அங்கே புதைந்துவிடும். அத்தகைய நிலத்திலே ஓடுவதற்கென ஆக்கப்பட்டதே ஸ்னோமொபில் எனப்படும் பனிவண்டி. நம்மவரிற் பலர் இன்று கனடாவிலே குடியேறி வாழ்வதால், அந்நாட்டுப் பனிக்காலமும் அதன் கருவிகளும் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. இவ்வண்டியைத் திருப்புவது எப்படி, அதனைச் செவ்வையாகத் திருப்புவதற்கு அதன் முன்புறத்துச் சறுக்குப்பலகைகளை மாற்றுவது எவ்வளவுக்கு உதவும் என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள்.

இவ்வண்டியின் வரலாறு துயரத்தோடு சேர்ந்தது. கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்னும் ஊரிலே ஜோசப் ஆர்மன் பொம்பார்டியே என்னும் இயந்திர வல்லுநர் இருந்தார். 1934ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயினால் வருந்தினான். தெருக்களெல்லாம் பனியால் அடைபட்டிருந்தமையால் குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை, குழந்தை இறந்தது. அதற்கு முன்பே பனியில் ஓடும் வண்டியைப் பற்றிப் பரிசோதனைகள் செய்துவந்த அவர், அதன்பின் அம்முயற்சியில் முழுமூச்சாக ஈடுபட்டார். பற்சில்லும் இறப்பர்ப் பட்டியும் கொண்ட இயக்க முறைக்கு 1937இல் உரிமை பெற்றார். ஏழு பேரும், பின்னர் பன்னிரண்டு பேரும் செல்லத்தக்க அவருடைய பெரிய வண்டிகள் நோயாளரையும் பள்ளிப் பிள்ளைகளையும் தபாலையும் சுமந்தன. ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லும் சிறிய வண்டி, ஸ்கீ-டூ என்னும் பெயரில், 1959இல் விற்பனைக்கு வந்தது. வடபுலத்துக் கலைமான் மேய்ப்போரின் வாழ்க்கையையே இவ்வகை வண்டி மாற்றிவிட்டதை, பேர்ட்டி பெல்ற்றோ என்னும் மானிடவியலறிஞர் 1973இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இனி வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். பின்புறத்திலே அகன்ற இறப்பர்ப் பட்டி ஒன்று சுழன்று வண்டியைத் தள்ளுகிறது. முன்புறத்திலே இரண்டு சறுக்குப்பலகைகள் உள்ளன. துவிச்சக்கரவண்டியிற் போலக் கைபிடியைத் திருப்பினால் அவ்விரண்டும் திரும்பும். ஆனால் பலகை திரும்பினால் வண்டியும் திரும்பிவிடும் என்று எண்ணலாகாது. தட்டையான பலகையைப் பனியின்மேல் எப்படித் திருப்பி வைத்தாலும் அது பக்கவாட்டிலே வழுக்கிக்கொண்டே போகும். நீரிலே செல்லும் வள்ளத்துக்கு அடியில் ஏரா இருப்பதுபோல, இப்பலகையின் அடியிலும் நீளவாக்கில் ஒரு முதுகு இருக்கிறது. அது பனியினுள்ளே பதிந்து, பக்கத்தே வழுக்காமற் பற்றிக்கொள்கிறது. அதன் அடியிலே உருக்குக் கம்பி ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அக்கம்பியின் நடுப்பாகத்தில், மிகக் கடினமான டங்ஸ்ரன் காபைட்டுத் துண்டுகள் கூர்மையாகப் பதிக்கப்பட்டிருக்கும். மெதுவான பனியிலே முதுகு பற்றுகிறது. இறுகிய பனிக்கட்டியிலே காபைட்டின் கூர் பற்றுகிறது. வண்டி திரும்புவதன் இரகசியம் இவ்வளவே.

இப்பற்று குறைந்தால் என்ன நேரும்? வளைவிலே கைபிடியைத் திருப்பியும் வண்டி நேராகவே செல்லும். பின்பட்டி தள்ளுகின்ற வலு, முன்பலகையின் பற்றை வென்றுவிடுகிறது. வளைவின் வெளிப்புறத்திலே மரமும் இருக்கலாம், எதிரே வரும் வண்டியும் இருக்கலாம். பற்று மிகுந்தால் அதுவும் தீங்கே. கைபிடி பாரமாகி ஓட்டுபவரின் தோளும் கையும் களைத்துப்போகும். விரைவாகத் திரும்பும்போது உட்புறப் பலகை நிலத்தை விட்டு எழவும் கூடும்.

மூன்றாவது குறையொன்று உண்டு. மாட்டுவண்டிச் சில்லுகள் ஆழப் பதித்த தடத்திலே துவிச்சக்கரவண்டியின் முன்சில்லு அகப்பட்டுக்கொண்டால், நாம் ஒரு பக்கம் திருப்ப, அது தடத்தின் வழியே இழுத்துச் செல்வதை நேயர்கள் அறிவீர்கள். பனிப்பாதையிலும் அவ்வாறே. முன்னே சென்ற வண்டிகளின் காபைட்டுக் கம்பிகள் பாதையிலே கோடுகள் கீறிவிடுகின்றன. பின்னே வரும் வண்டியின் கம்பி அக்கோட்டினுள் இறங்கி, அது போகும் பக்கமெல்லாம் வண்டியைச் சடுதியாக இழுக்கிறது. கியூபெக் மாகாணத்திலே 30,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பனிவண்டிப் பாதைகள் உண்டு. அவற்றிலே மணிக்கு 70 கிலோமீற்றர் வரை செல்லலாம். அவ்வேகத்தில், இருதிசையிலும் வண்டிகள் வருகின்ற பாதையிலே, வண்டி ஓர் அடி தூரம் தன் எண்ணப்படி விலகினாலும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

வண்டி செய்வோர் பூட்டி அனுப்பும் பலகை எல்லா நிலத்துக்கும் ஓரளவு பொருந்துமாறு அமைக்கப்பட்டது. ஆகையால், தத்தம் தேவைக்கேற்ற பலகையைத் தனியே வாங்கிப் பூட்டும் வழக்கம் பெருகியுள்ளது. முன்னாளிலே பலகைகள் உருக்குத் தகட்டினால் ஆனவை. இக்காலத்தவை பெரும்பாலும் உறுதியான பிளாஸ்ரிக்கினால் ஆனவை. இதிலே ஈரப்பனி எளிதில் ஒட்டுவதில்லை, பாரமும் குறைவு.

இவற்றை மூன்று வகையாகக் கொள்ளலாம். செப்பனிட்ட இறுகிய பாதையிலே செல்பவருக்கு, ஆழமான முதுகும் நீண்ட காபைட்டும் உள்ள பலகை ஏற்றது. மலைப்பகுதியின் ஆழ்ந்த பொடிப்பனியிலே செல்பவருக்கு, அகன்ற பலகை வேண்டும். சாதாரணப் பலகை ஏறக்குறைய 6 அங்குல அகலமாயின், இது 8 அங்குலம் வரை இருக்கும். சேற்றிலே வெறுங்காலை வைப்பதற்கும் பலகையைப் போட்டு அதன்மேல் நடப்பதற்கும் உள்ள வேறுபாடே இதுவும். ஆனால் அதே அகலப் பலகையை இறுகிய பாதையிலே கொண்டுசென்றால் கைபிடி பாரமாகும். மூன்றாவது, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு முதுகுகள் உள்ள பலகை. இரண்டு கம்பிகள் ஒருங்கே பாதையில் ஊன்றுவதால், அது ஒற்றைக் கோட்டினுள் எளிதில் அகப்படாது. தடம் இழுக்கும் குறைக்கு இது நல்ல பரிகாரம். எனினும் இதன் விலை கூடியது. மாற்றவேண்டிய கம்பிகளும் இரட்டிப்பாகும்.

இத்தனை சொன்னதிலிருந்து, பலகையை மாற்றினால் எல்லாக் குறையும் தீரும் என்று கொள்ளலாகாது. நோயறியாமல் மருந்து வாங்குவது போன்றது அது. பணத்தைச் செலவிடுமுன் நான்கு காரியங்களைச் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, காபைட்டின் கூர். அது மழுங்கி உருண்டுபோயிருந்தால், புதிய கம்பி ஒன்றே குறையைத் தீர்த்துவிடும். இரண்டாவது, திருப்பும் உறுப்புகளின் மூட்டுகள். வண்டியின் முன்புறத்தை உயர்த்தி வைத்துப் பலகையை அசைத்துப் பார்த்தால், மூட்டுகள் தளர்ந்திருப்பது தெரியவரும். தளர்ந்த மூட்டுள்ள வண்டியிலே எப்பலகையும் அலையத்தான் செய்யும். மூன்றாவது, பலகைகளின் நேர். கைபிடியை நடுவே நிறுத்தி, பின்பட்டியின் பக்கத்தோடு நேரான சட்டமொன்றை வைத்து, அதிலிருந்து பலகையின் முன்னும் பின்னும் அளந்து பார்க்க வேண்டும். பலகைகள் முன்புறத்திலே மிகச் சிறிதளவு வெளிநோக்கி விரிந்திருத்தல் நன்று. எவ்வளவு என்பதை அவ்வண்டியின் கைந்நூல் கூறும். உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் வண்டி நிலைகொள்ளாது தடுமாறும். நான்காவது, பாரப் பகிர்வு. பின்பட்டியின் உள்ளே, முன்பகுதி கீழிறங்குவதை அளவுபடுத்தும் வார் ஒன்று உண்டு. அதனைச் சிறிது குறுக்கினால் பலகைகளின்மேல் பாரம் கூடும், பற்றும் கூடும். தளர்த்தினால் முன்புறம் இலேசாகும்.

இந்நான்கையும் செய்தபின்னும் குறை நீங்காவிடின், அப்பொழுது புதிய பலகையை நாடலாம். வாங்கும்போது, அது தம் வண்டியின் காலோடு பொருந்தத்தக்க இணைப்புகள் உடன் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பலகைக்கும் காலுக்கும் இடையே இறப்பர்க் கட்டை ஒன்று உண்டு. வண்டி மேட்டிலே துள்ளி எழும்போது பலகையின் மூக்கு தாழாமற் காப்பது அதுவே. பொருந்தாத இறப்பரைப் பூட்டினால் மூக்குப் பனியிலே குத்தி வண்டி கவிழ நேரிடும். பூட்டியபின், முதலிலே வெளியான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பழகுதல் அவசியம். மேலும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தையே செய்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் நன்மை வந்தது, எதனால் தீமை வந்தது என்பது விளங்காது.

பின்பட்டியிலே பனிக்கட்டியைப் பற்றுவதற்காக ஆணிகள் பூட்டுவோரும் உளர். அவர்கள் முன்பலகையின் காபைட்டையும் அதற்கேற்பக் கூட்டுதல் வேண்டும். பின்னாலே தள்ளும் வலுவும் முன்னாலே பற்றும் வலுவும் ஒத்திருந்தாலன்றி வண்டி சொற்கேளாது. ஓட்டுபவரின் பழக்கமும் இதிலே சேர்ந்தது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தால் பாரம் முன்னே வந்து பலகைகள் பற்றும். வளைவின் நடுவே இயந்திரத்தை முடுக்கினால் பாரம் பின்னே சென்று பலகைகள் இலேசாகும்.

இயந்திரத்தின் வலுவைப் பெருக்குவதிலேயே மனிதர் பெரிதும் மனம் வைக்கின்றனர். ஆனால் ஓடும் பொருள் எதுவாயினும், அதனை எண்ணிய திசையிலே திருப்பவும் நிறுத்தவும் இயலுமாயின் மட்டுமே அதன் வேகம் நமக்குப் பயன்படும். பனிவண்டியிலே அந்த வல்லமை, பலகையின் அடியில் உள்ள விரலளவு தடிப்பான ஒரு கம்பியிலே தங்கியிருக்கிறது. பனிநாட்டிலே வாழும் நம் உறவினர் எவரேனும் இவ்வண்டியில் ஏறப் புறப்பட்டால், முதலிலே குனிந்து அக்கம்பியைப் பார்க்கும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள்.