முதலில் கூடு, அப்புறம் குஞ்சு

(கருங்குழியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவினர் பேசியது)



நாட்டுக்கோழி வளர்க்க நிறைய பேர் கடன் கேட்டு மனு கொடுத்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். கடன் வாங்குவதற்கு முன்னால் எங்கள் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

2021-ல் எங்கள் குழுவில் அஞ்சு பேர் உள்கடன் எடுத்து ஆளுக்கு இருபது குஞ்சு வாங்கினோம். கூட்டைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கீரிக்கும் திருட்டுக்கும் பயந்து, தரையோடு தரையாக நாலு பக்கமும் செங்கல் சுவர் வைத்து, மேலே தகரம் போட்டு, சின்னக் கதவு ஒன்று வைத்தோம். நல்ல பந்தோபஸ்து என்று நினைத்தோம்.

அடுத்த வருஷம் கத்திரி வெயில் வந்தது. அடையில் இருந்த கோழிகள் வாயைப் பிளந்து இளைத்தன. சில கோழிகள் முட்டையை விட்டு எழுந்து ஓடின. சில அடையிலேயே செத்துக் கிடந்தன. ஏன் தெரியுமா? கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே ஏறக்குறைய 41 டிகிரி. இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். நாங்கள் கட்டியது கூடு இல்லை, அடுப்பு.

மிச்சத்தை மழை கொண்டுபோனது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி மாமல்லபுரம் பக்கம் மாண்டஸ் புயல் கரை கடந்தது. கூட்டுக்குள் தண்ணி வந்து, உமி நனைந்து, எச்சத்தோடு ஊறிப்போனது. உள்ளே தலையை நீட்டினால் கண் எரியும். அந்த ஈரத்தில் இளங்குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் பிடித்தது. கோழி செத்துப்போச்சு, தவணை சாகலையே! கூலி வேலைக்குப் போய்த்தான் கட்டினோம்.

அதற்குப் பிறகு காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் விவரம் கேட்டு, கூட்டை மாற்றிக் கட்டினோம். இப்போது எங்கள் கூடு எப்படி என்று சொல்கிறோம்.

இடம்: மழை நாளில் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். தண்ணி நிற்காத மேடுதான் கூட்டுக்கு இடம். வேப்ப மர நிழல் நல்லது. முருங்கைக்குக் கீழே வேண்டாம், காற்றில் முறிந்து விழும்.

தரை: சவுக்குக் கால் நட்டு, தரையிலிருந்து 2 அடி உயரத்தில் மூங்கில் பிளாச்சு அடியுங்கள். இடையில் விரல் நுழையும் சந்து விட்டால் எச்சம் கீழே விழும், தரை காயும். அள்ளி எருக்குழியில் போடலாம். கோழிக்கு 1 சதுர அடி கணக்கு. 5 அடி நீளம், 4 அடி அகலம் இருந்தால் இருபது கோழி ராத்திரி தங்கும்.

பக்கம்: நீளப் பக்கம் கிழக்கு மேற்காகப் போகட்டும். வெயில் நேராக உள்ளே அடிக்காது. கீழே ஒரு அடி பலகை, அதற்கு மேல் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை. காற்றும் வரும், பாம்பும் கீரியும் நுழையாது.

கூரை: கீற்றுதான் குளிர்ச்சி. தகரம் போட்டிருந்தால் அதன் மேல் கீற்றைப் போட்டுக் கட்டுங்கள். இறவாரம் 2 அடி வெளியே நீட்டி இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் வடகிழக்கில் இருந்து அடிக்கும். அந்தப் பக்கம் சாக்குப் படுதா கட்டி, மழைக்கு மட்டும் இறக்குங்கள். அப்போதும் மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் யோசிக்காதீங்க. கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து பஞ்சாரத்தில் கவிழ்த்துடுங்க.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். எவ்வளவு நல்ல கூடும் வெள்ளைக் கழிச்சலைத் தடுக்காது. அதற்குக் குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

இப்போது எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறோம். கோழிக்கடனில் முதலில் கூட்டுக்கு மட்டும்தான் பணம். இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் குஞ்சுக்குப் பணம். முதலில் முணுமுணுத்தார்கள். “எங்களை நம்பலையா?” என்றுகூடக் கேட்டார்கள். நம்பாமல் இல்லை. நாங்கள் கட்டிய தவணையை இன்னொரு தோழி கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

கோழிக்காசு நம்ம கையில் வரும் காசு. பிள்ளைக்கு நோட்டு வாங்கவும் அவசரத்துக்கு மருந்து வாங்கவும் யாரையும் கேட்க வேண்டாம். அது நிலைக்கணும்னா கூட்டைச் சரியாகக் கட்டுங்கள். பார்க்க ஆசை உள்ளவர்கள் எங்கள் வீட்டுக்கு வாங்க. அளவு கயிறும் கொண்டு வாங்க.