அவசர சிகிச்சையும் இயன்முறை மருத்துவரும்

(பாபநாசத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)

  

தாமிரபரணி மலையை விட்டிறங்கும் இப்பாபநாசத்தில் ஆடி அமாவாசையன்று நீராட வருவோர் தொகை மிகப் பெரிது. பாசி படிந்த படியிற் கால் வழுக்கி விழுவோரும் அவருள் உண்டு. விழுந்தவரை அம்பாசமுத்திரத்திற்கோ, பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோகின்றோம். அத்தகைய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இயன்முறை மருத்துவர் ஒருவர் இருப்பின் விளையும் நன்மை யாது என்பதே யான் எடுத்துக்கொண்ட விஷயம்.

பிசியோதெரபி எனப்படும் இம்மருத்துவம், இயக்கத்தாலும் பயிற்சியாலும் உடலைச் சீர்செய்வது. கட்டுப் பிரித்த பின்னரே நாடத்தக்கது இஃதென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலுமோ, பல மருத்துவமனைகளில் இவர் அவசரப் பிரிவிலேயே இருந்து நோயாளியைப் பார்க்கின்றார்.

காரணம் கேண்மின். அவ்விடம் வருவோர் யாவரும் உயிராபத்தில் வருபவரல்லர். கணுக்கால் பிசகியவரும், இடுப்புப் பிடித்தவரும், தலைசுற்றி வீழ்ந்தவரும் வருகின்றனர். மாரடைப்பும் தலைக்காயமும் முதலிற் கவனிக்கப்படுவதே நியாயமாதலால், ஏனையோர் நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது. அவர்களுக்கு இவர் உதவுவார்.

கணுக்கால் பிசகியவர் நான்கடி நடக்க இயலுமா, கணுவெலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா என்பன முதலியவற்றைச் சோதித்து, எக்ஸ்ரே வேண்டுமா என்று தீர்மானிக்கும் விதிகள் 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவரால் வெளியிடப்பெற்றன. இவற்றைப் பயின்றவர் வீண் செலவைத் தவிர்ப்பார். உட்செவியிலுள்ள நுண்துகள் இடம்பெயர்ந்து உண்டாகும் தலைசுற்றலை, தலையை முறைப்படித் திருப்பியே பெரும்பாலும் தணிக்கலாம். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைபட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவரிடம் ஒப்புவிப்பதும் இவர் கடமை. இவர் மருத்துவருக்குத் துணைவரேயன்றி மாற்றல்லர்.

முதியோர் விஷயம் இன்னும் முக்கியம். எலும்பு முறியவில்லையென்று வீட்டுக்கு அனுப்பப்பெறும் பாட்டியார், மறுநாள் இரவில் மீண்டும் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அக்குடும்பம் முழுவதும் படுக்கையருகே கட்டுண்டு போகும், கூலியும் போகும். அனுப்புமுன் அவரை எழுந்து நடக்கச் செய்து பார்த்து, ஊன்றுகோல் தந்து, வீட்டில் எங்கே பிடிமானம் வேண்டும் என்று சொல்லியனுப்ப ஒருவர் வேண்டாமா?

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இச்சிகிச்சையை வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தது. அதே ஆண்டில் இத்தொழிலையும் உள்ளிட்டு மத்திய சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. வீடு தேடிச் சென்ற சிகிச்சை, நாம் ஆபத்திற்கு ஓடிச்சேரும் இடத்திலும் நிலைபெற வேண்டும்.

ஆதலின் மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். முதலாவது, அடிபட்ட அங்கத்தை எண்ணெயிட்டு உருவுதலும் இழுத்தலும் ஒழியட்டும். அசையாதபடி தாங்கிக் கொண்டு செல்லுங்கள். இரண்டாவது, நம் பிள்ளைகளும், சிறப்பாகப் பெண்மக்களும் இப்படிப்பிற் சேரச் சங்கத்துக் கல்வி நிதி உதவட்டும். மூன்றாவது, இந்நியமனம் வேண்டிச் சுகாதாரத் துறைக்கு இச்சபை விண்ணப்பம் அனுப்பட்டும். இந்நன்மை நம் குலத்தார்க்கு மட்டுமன்று. இவ்வாற்றங்கரையில் வாழும் யாவர்க்கும் உரியது.