பாதியில் இருக்கும் புத்தகம்

"இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், முடித்த புத்தகத்தைவிடப் பாதியில் இருக்கும் புத்தகத்தைச் சொல்வதே நல்லது. முடித்ததற்குத் தீர்ப்புதான் சொல்வோம். பாதியில் இருப்பதைச் சொல்லும்போது நம் ஆவல் கேட்பவரையும் தொற்றும். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை வந்தபோது, எழுதியவர் உட்பட எல்லாருமே பாதியில்தான் இருந்தார்கள். இதழிலிருந்து கிழித்துச் சேர்த்த பக்கங்களை வாசகர்கள் ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டுக் கைமாற்றிப் படித்தார்கள். கதையில் வரும் இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வாக்குவாதம் கதை முடிந்தும் முடியவில்லை!

படிக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசினால் கதை தெரிந்து சுவை கெடும் என்பார்கள். துப்பறியும் கதைக்கு அது சரி. ஆனால் திருநெல்வேலியில் கம்பன் பாடல்களை ரசித்துச் சொல்லும் ரசிகமணி டி.கே.சி. வீட்டில், 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தில் கூடியவர்களுக்கு ராமன் கதை தெரியாதா என்ன? தெரிந்த பாட்டை அவர் சொல்லிக் கேட்கத்தான் போனார்கள். அடுத்தவர் ரசனை நம்மேல் ஏறிவிடுமே என்ற பயம் இன்னொன்று. கம்பன் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளினார், சிலவற்றைத் திருத்தவும் செய்தார். அதை ஏற்காமல் மல்லுக்கு நின்றவர்களும், பதில் சொல்வதற்காகக் கம்பனைத்தான் மறுபடி புரட்டினார்கள்.