அன்பினால் ஊட்டும் நஞ்சு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இவ்விழாவில் பேசுமாறு எங்களை அழைத்தபோது, பேசும் பொருளைக் கேட்டுச் செயலாளர் சிறிது திகைத்தார். "சிலம்பைப் பற்றிப் பேசலாமே! நாயையும் பூனையையும் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே வினவினார். சிலம்பைப் பற்றிப் பேச எங்களினும் வல்லவர் இம்மன்றத்தில் பலர் உளர். நாங்கள் பேச வந்திருப்பது எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றி. அது இக்குடியிருப்பில் வேறோர் இல்லத்தில் நிகழலாகாது என்னும் ஒரே எண்ணத்தால் வந்து நிற்கிறோம்.

தலைநகரில் நாம் குடியேறிய நாட்களில், நம் காலனியில் நாய் வளர்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாடகை வீடு, சிறிய அறைகள், கோடை விடுமுறை வந்தால் ஊருக்குப் புறப்படும் அவசரம். இவற்றிடையே விலங்கு வளர்ப்பதற்கு இடமேது? இன்று நிலைமை வேறு. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிட்டனர். வீட்டில் எஞ்சியிருப்போர் முதியவர் இருவர். அவர்களோடு ஒரு நாய் அல்லது ஒரு பூனை. இந்தி பேசும் தெருவில் பிறந்த நாய்தான். ஆயினும் 'வா', 'உட்கார்', 'பேசாமல் இரு' என்றால் கேட்கிறது. நம் பேரக் குழந்தைகள் சிலருக்கு அந்த அளவு தமிழ் வருமா என்பது ஐயமே. அது நிற்க.

எங்கள் இல்லத்திலும் ஒரு நாய் இருந்தது. பெயர் வீரன். பதினொரு கிலோ எடையுள்ள நாட்டு நாய். 2023-ஆம் ஆண்டு பொங்கல் விழாவை நம் சங்கத்தார் கொண்டாடியபோது, மீந்த உணவை வீடுகளுக்குப் பகிர்ந்தளித்தார்கள். புளியோதரையும், முந்திரியும் உலர்ந்த திராட்சையும் மிகுதியாக இட்ட சர்க்கரைப் பொங்கலும் எங்களுக்குக் கிடைத்தன. "பண்டிகை நாளில் அதற்கு மட்டும் வெறுஞ்சோறா?" என்று எங்கள் அன்னையார் இரண்டையும் வீரனின் தட்டில் நிறைய வைத்தார். மறுநாள் காலையில் மீண்டும் வைத்தார். வால் ஆட்டி, தட்டை நக்கி, அது உண்டதைக் கண்டு நாங்கள் அனைவரும் மகிழ்ந்தோம்.

அன்று மாலையே அது வாந்தி எடுத்தது. மிகுதியாக உண்டதன் விளைவு என்று எண்ணி, ஒருநாள் பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் அது எழுந்திருக்கவில்லை, சிறுநீரும் கழியவில்லை. விலங்கு மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். "இது என்ன தின்றது?" என்று அவர் இந்தியில் கேட்டார். "தகாதது எதுவும் தின்னவில்லை, எங்கள் வீட்டு உணவுதான்" என்றோம். குருதியைச் சோதித்தார்கள், சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. மூன்று நாட்கள் நரம்பின் வழியே நீர் ஏற்றியும் பயனில்லை. 'எங்கள் வீட்டு உணவுதான்' என்று நாங்கள் பெருமையோடு சொன்ன சொல் இன்றுவரை எங்களை உறுத்துகிறது.

மருத்துவர் பிறகு விளக்கினார். திராட்சைப் பழமும் உலர்ந்த திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இருபது ஆண்டுகளாகவே அறியப்பட்ட செய்தி. அதற்குக் காரணமான பொருள் யாதென்பது மட்டும் நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. 2021-ஆம் ஆண்டில், விலங்குகளுக்கு நேரும் நச்சுக் கேடுகளை ஆராயும் அமெரிக்க மருத்துவர்கள், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே அப்பொருளாகலாம் என்று எடுத்துரைத்தனர். அதே அமிலம் நிறைந்த வேறு பொருள்களை உண்ட நாய்களுக்கும் அதே சிறுநீரகக் கேடு நேர்ந்ததை அவர்கள் கண்டிருந்தார்கள். அப்பொருள்களுள் ஒன்று எது தெரியுமா? நம் புளி! சாம்பாருக்கும் இரசத்துக்கும் வத்தக் குழம்புக்கும் உயிராக நிற்கும் அதே புளி.

திராட்சையைப் பொறுத்தவரை எல்லா நாய்களும் ஒரே வகையாகக் கெடுவதில்லை. ஒரு நாய் கைப்பிடி அளவு தின்றும் பிழைத்துக்கொள்ளும். மற்றொன்று சிறிதளவே தின்று சிறுநீரகத்தை இழக்கும். "எங்கள் நாய்க்குப் பத்து ஆண்டுகளாகச் சாம்பார் சாதம்தான், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வோர் இம்மன்றத்திலேயே உளர். அவர்களுடைய நாய்கள் நீடு வாழ்க! அந்த நற்பேற்றை மற்றவர்கள் நம்பியிருக்க முடியாது.

தமிழில் 'நச்சுதல்' என்றால் விரும்புதல் என்று பொருள். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயரில் வருவது அந்த நச்சுதான். 'நச்சு' என்றே நஞ்சையும் சொல்கிறோம். புலவர்கள் இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்று விளக்கம் தருவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொங்கலன்று இரண்டும் ஒன்றாகிவிட்டன.

சாம்பாரில் புளி மட்டுமா இருக்கிறது? வெங்காயமும் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இவற்றின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும், வறுத்தாலும், பொடியாக்கினாலும் அத்தன்மை போவதில்லை. பூனை இதில் மிகவும் மெலியது. அதன் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே கேடு செய்யப் போதும். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு அது 20 கிராம்; அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம்! நாய்க்குக் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வேண்டும். உண்ட அன்றே ஒன்றும் தெரியாது. சில நாட்கள் கழித்தே ஈறு வெளுத்து, மூச்சிரைத்து, சிறுநீர் செந்நிறமாகும். அதற்குள் எந்த உணவால் வந்தது என்பதை நாம் மறந்தே போயிருப்போம்.

தீபாவளிக்கு அலுவலகங்களிலிருந்து வரும் சாக்லேட் பெட்டிகளையும் இங்கே சொல்ல வேண்டும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நம் உடல் விரைவில் வெளியேற்றிவிடும். நாயின் உடல் அதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். கருநிறச் சாக்லேட் 100 கிராமில் ஏறக்குறைய 500 மில்லிகிராம் தியோபுரோமின் உண்டு. பத்துக் கிலோ நாயின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்க அது போதும். நீரிழிவு உடையவர்கள் வாங்கும் சர்க்கரையற்ற சூயிங்கம், இனிப்பு வகைகள் சிலவற்றில் சைலிடால் இருக்கும். நாய்க்கு அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரையைப் படுவீழ்ச்சி அடையச் செய்யும். பெட்டியின் மேலுள்ள சிறிய எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துவிடுங்கள்.

உணவுக்கு அடுத்தது மருந்து. பூனைக்குக் காய்ச்சல் என்று கருதி, நமக்கு வைத்திருக்கும் பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்போர் இருக்கிறார்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. ஈறு பழுப்பு நிறமாகும்; முகமும் பாதங்களும் வீங்கும்; மூச்சுத் திணறும். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதே குறைபாட்டால் பினாயிலும் பூனைக்கு ஆகாது. பினாயில் போட்டுத் துடைத்த தரை காயுமுன் அதில் நடந்து, பிறகு தன் பாதத்தை நக்கிக்கொள்வது பூனையின் இயல்பு. நாய்க்கென்று வாங்கிய உண்ணி மருந்தைப் பூனையின் முதுகில் தடவுவதும் தவறு. அவற்றுள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அதனால் நடுக்கமும் வலிப்பும் உண்டாகும்.

ஊரில் நம் பெற்றோருக்குத் தேவைப்படாத ஒரு பொருளை இந்நகரக் குளிர் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது: கம்பளித் துணிப் பெட்டிக்குள் இடும் அந்துருண்டை. பங்குனியில் பெட்டியை மூடும்போதும், ஐப்பசியில் திறக்கும்போதும் ஓரிரண்டு உருண்டைகள் கட்டிலடியில் ஓடிவிடும். நாய்க்குட்டி அதைப் பந்தென்று கவ்வும். நாப்தலீன் உருண்டையும் வெங்காயத்தைப் போலவே குருதியணுக்களை அழிக்கும். பூசையறைக் கற்பூரம் வலிப்பை உண்டாக்கும். மாலையில் தொடுத்த அரளி இதயத்தைத் தாக்கும். இன்று இம்மேடையில் விருந்தினர்க்கு அளித்த பூங்கொத்துகளில் லில்லி மலர்களைக் காண்கிறோம். வழங்கியோர் பொறுத்தருள்க, பூனையுள்ள இல்லத்துக்கு அவற்றைக் கொண்டு செல்ல வேண்டாம். லில்லியின் இதழ் வேண்டியதில்லை. உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், அம்மலர் நின்ற குவளை நீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் அழிந்துவிடும்.

இனி எலி மருந்து. கீழ்த்தளத்தில் வாழ்வோருக்கு மழைக்காலத்தில் எலியால் படும் பாட்டை நாங்கள் அறிவோம். மருந்தே வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த மருந்து என்பதை அறிந்து வையுங்கள். கட்டியாக விற்கும் புரோமாடியோலோன் போன்றவை குருதி உறையும் ஆற்றலைக் கெடுப்பவை. அதைத் தின்ற நாய் மூன்று நான்கு நாட்கள் ஓடி விளையாடும். பிறகுதான் உள்ளுக்குள் குருதி கசிந்து, திடீரென்று தளர்ந்து விழும். முதல் நாளே அழைத்துச் சென்றால், வைட்டமின் கே-1 சில வாரங்கள் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். கருஞ்சாம்பல் நிறத் தூளாகிய துத்தநாகப் பாஸ்பைடு அப்படிப்பட்டதன்று. அது வயிற்றின் அமிலத்தோடு கலந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை எழுப்பும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அதைத் தின்ற விலங்குக்கு உணவூட்டினால் அமிலம் பெருகி வாயுவும் பெருகும். வண்டியில் கொண்டு செல்லும்போது அது வாந்தி எடுத்தால், அவ்வாயு உடனிருப்போரையும் தாக்கும். சாளரங்களைத் திறந்தே வைக்க வேண்டும்.

இதில் அண்டை வீட்டாரின் பொறுப்பும் இருக்கிறது. மூன்றாம் மாடியில் இருப்பவர் மாவும் வெல்லமும் பிசைந்து மாடிப்படியில் வைக்கும் எலி மருந்துக்கு முதல் மாடி நாய் என்ன விலக்குக் கண்டது? மருந்து வைப்பவர் அதன் பெயரையும் நாளையும் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால், பாதிப் பேரிடர் நீங்கும். இதற்குச் செலவு ஒரு துண்டுத் தாள்.

நஞ்சு தின்றுவிட்டது என்று தெரிந்தால் யாது செய்வது? நம் பாட்டிமார் கைவைத்தியம் இங்கே உதவாது, கெடுக்கவும் செய்யும். வாந்தி வரவேண்டுமென்று உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். அந்த உப்பே குருதியில் மிகுந்து மூளையைத் தாக்கும். புளியைக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. அதன் கதையைத்தான் சொல்லிவிட்டோமே! பால் கொடுத்தால் நஞ்சு முறியும் என்பதும் வெறும் நம்பிக்கையே. கழிவறை கழுவும் அமிலத்தை உட்கொண்டிருந்தால், வாந்தி எடுக்கச் செய்வது தொண்டையை இரண்டாம் முறை சுடுவதாகும்; மண்ணெண்ணெயானால், வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் புகுந்துவிடக்கூடும். வாயில் எஞ்சியதைத் துடைத்தெடுங்கள். மேலில் பட்டிருந்தால் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுங்கள். பிறகு நேரே மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது மருந்தின் உறையையோ, மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சொல்ல முடிந்தால் மருத்துவரின் வேலையில் பாதி முடிந்துவிடும். கடிந்துகொள்வாரோ என்று அஞ்சி எதையும் மறைக்க வேண்டாம். நாங்கள் மறைக்கவில்லை, எதைச் சொல்ல வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாதிருந்தது. நாள் கடந்து போனதும் அதனால்தான்.

காரணம் புளியா, திராட்சையா, இரண்டுமா என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. எங்கள் அன்னையாரிடம் இதைச் சொல்வதா, விடுவதா என்று பல நாட்கள் தயங்கினோம். இறுதியில் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல், நெடுநேரம் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வாண்டு விழா அழைப்பு வந்தபோது, "நாலு பேருக்குத் தெரியட்டும்; இதையே போய்ச் சொல்லுங்கள்" என்றவரும் அவரே.

இன்றைய விருந்திலும் புளியோதரை உண்டு. திராட்சை இட்ட பாயசமும் உண்டு. அவற்றை நாம் வயிறார உண்போம். பின்கட்டுச் சமையற்கூடத்தில் உப்பும் புளியும் சேராத வெறுஞ்சோறு ஒரு குண்டான் நிறைய, தனியே வடித்து மூடி வைத்திருக்கிறார் எங்கள் அன்னையார். நாய் வளர்ப்போர் போகும்போது ஒரு பாத்திரம் கொண்டுசென்று அவரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.